வைரஸ் காய்ச்சலுக்கு ஏன் அசித்ரோ எழுதித் தரமாட்டேன்

"டாக்டரம்மா, மூணு நாளா காய்ச்சலும் மண்டையடியும், மெடிக்கல்ல ரெண்டு செட்டு வாங்கிப் போட்டுட்டேன், விடவே மாட்டேங்கு." பத்தமடைல பாய் நெய்யுற ஒரு அக்கா சொன்னது. செட்டைப் பிரிச்சுப் பாத்தா பாரசிட்டமால், ஒரு சளி மாத்திரை, கூடவே அசித்ரோமைசின், அதாவது பாக்டீரியாவ அடக்குற ஆன்டிபயாட்டிக். மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது, வீட்ல பிள்ளைகளுக்கும் அதேதான், பாத்தாலே வைரஸ்னு தெரியுது. அப்ப அந்தப் பெரிய மாத்திரை ஏன் கேக்கலன்னாங்க. அவங்களுக்குச் சொன்னதத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுதேன்.

நம்ம செல்லுக்குள்ள ரைபோசோம்னு ஒரு தறி இருக்கு. டிஎன்ஏல இருந்து நகலெடுத்த எம்ஆர்என்ஏ அதுல ஓடும். கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேர நெய்யும்போது எழுத்தப் பாத்துப் பாத்துக் கோரையக் கோப்பாங்கல்லா, அதே கதைதான். எம்ஆர்என்ஏல இருக்கது ஏ, யு, ஜி, சின்னு நாலே எழுத்து, மூணு மூணா சேத்துப் படிக்கணும். ஏயுஜின்னு வந்தா ஆரம்பி, யுயுயுன்னு வந்தா ஃபினைல்அலனின்ங்கிற அமினோ அமிலம், அதாவது புரதத்தோட ஒரு கண்ணி (1961ல நிரன்பர்க், மத்தேய்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க முதல்ல கண்டுபிடிச்சது இந்த மூணெழுத்தத்தான்), அந்தந்த அமினோ அமிலத்தச் சுமந்துட்டு டிஆர்என்ஏ வரும், தறி ஒண்ணோட ஒண்ணக் கோக்கும். மொத்தம் 64 மூணெழுத்து, அதுல 61 சேந்து 20 அமினோ அமிலத்தச் சொல்லும், மிச்சம் 3 வந்தா நிறுத்துன்னு அர்த்தம், கோத்தது புரதமா இறங்கிரும்.

பாக்டீரியாட்டயும் தறி உண்டு, ஆனா கட்டுமானம் வேற, அதோடது 70எஸ், நம்மளது 80எஸ் (சுத்திவிட்டா எவ்வளவு வேகமா அடியில படியுதுங்கிற அளவுதான் எஸ்). இந்த வித்தியாசத்துலதான் மருந்து பிழைக்குது. அசித்ரோ புரதம் வெளிய வர்ற குழாய அடைச்சிரும், டாக்ஸிசைக்ளின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக் டிஆர்என்ஏ வந்து உக்கார்ற இடத்தப் பிடிச்சுக்கும். இப்படி எந்த மருந்து எங்க போய் ஒட்டுதுன்னு படமா காட்டுனவங்கள்ல சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருத்தர், 2009ல வேற ரெண்டு பேரோட நோபல் வாங்குனது இந்த ரைபோசோமுக்குத்தான்.

வைரஸுக்குத் தறியே கிடையாது. நம்ம தறில வந்து தன்னோட எம்ஆர்என்ஏவ ஓட்டிக்கும். அப்ப அசித்ரோ எதப் போய் அடைக்கும்? வயித்துல சும்மா கிடக்க பாக்டீரியாவத்தான் அடைக்கும், அதுலயும் சிலது மருந்து ஒட்டுற இடத்த லேசா மாத்தி வச்சிக்கிட்டுத் தப்பிச்சிரும், அந்த வித்தைய மத்த பாக்டீரியாவுக்கும் கொடுக்கும்.

அதுக்காக இந்த மாத்திரைகள்லாம் தப்புன்னு சொல்லல. மலையடிவாரத்துல ஆடு மேய்க்கிற ஒரு அண்ணாச்சி ஆறு நாள் காய்ச்சலோட வந்தாரு, டெங்கு டெஸ்ட்ல ஒண்ணுமில்ல, சாரத்தத் தளர்த்தச் சொல்லிப் பாத்தா அரைஞாண் கயித்துக்குக் கீழ பீடி சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லாததால அவருக்கே தெரியல. ஸ்க்ரப் டைஃபஸ், புதர்ல இருக்க பொடிப் பூச்சி கடிச்சு வர்ற பாக்டீரியா. டாக்ஸி ஆரம்பிச்சு ரெண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிருச்சு. லேட்டாயிருந்தா கிட்னி, நுரையீரல்னு இழுத்திருக்கும். காய்ச்சல் நாலஞ்சு நாள் தாண்டுனா செட்டு வாங்காம நேரா வாங்க, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கெல்லாம் ஒருதரம் பாத்துட்டு வாங்க.

பாய் அக்காவையும் தேடிப் பாத்தாச்சு, பொருக்கு ஒண்ணும் இல்ல. பாரசிட்டமால், கஞ்சி, ரெண்டு நாள் ரெஸ்ட்டுன்னேன். எல்லாம் தலையாட்டிக் கேட்டுட்டு வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி, "அதெல்லாம் சரிம்மா, ஒரு ஊசியாவது போட்டு விடுங்களேன்"ன்னாங்க.