ஒரே சோளம், ஒன்றில் மட்டும் ஏன் இவ்வளவு நஞ்சு?

திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிச் சோளம் போடுகிறவர்களிடம், மழை ஏய்த்து வாடி நிற்கும் இளம்பயிரில் மாட்டை விடலாமா என்று கேட்டால் பதறிவிடுவார்கள். அறுத்த கட்டையில் மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பும் ஆபத்துதான். ஆசையாக மேய்ந்த மாடு மூச்சிரைத்து, நுரை தள்ளி, ஒரு மணி நேரத்துக்குள்கூட விழுந்துவிடும். ஆனால் எல்லாச் சோளத்திலும் நஞ்சு ஒரே அளவு இல்லை. மண்ணும் வாட்டமும் ஒன்றாகவே இருந்தாலும், ரகம் மாறினால் அளவு பல மடங்கு மாறும்.

நஞ்சின் மூலம் டுரின் என்ற பொருள். டன்ஸ்டன், ஹென்றி என்ற இருவர் 1902-இல் இதை இளஞ்சோளத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலையில் டுரின் ஓரிடத்திலும் அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கும். மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தி சிவப்பது போலத்தான். போதாததற்கு மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களும் டுரினை உடைக்கும். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியைச் சயனைடு முடக்கிவிடுவதால், ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்புக்கு உதவாது. (முற்றிய தானியத்தில் டுரின் கிடையாது. சோளச்சோறு சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.)

சரி, ரகத்துக்கு ரகம் வேறுபாடு எப்படி வருகிறது? டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டுரினாக மாற்ற மூன்று நொதிகள் போதும். அவற்றுக்கான மூன்று மரபணுக்களும் சோளத்தின் ஒன்றாம் குரோமோசோமில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. முதல் நொதி எவ்வளவு உருவாகிறதோ, பெரும்பாலும் அதை ஒட்டியே டுரினின் அளவும் அமையும். அந்த மரபணு எப்போது, எந்தத் திசுவில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டி.என்.ஏ. பகுதியில் ஒரு சின்ன மாற்றம் போதும், கணக்கு மாறிவிடும். முளைவிட்ட நாற்றின் நுனியில் உலர் எடையில் 30 சதவீதம் வரைகூட டுரின் இருக்கும்; பயிர் வளர வளரக் குறையும். வறட்சியும் தழைச்சத்து உரமும் அதை மறுபடி ஏற்றிவிடும். அதாவது மரபணு ஒரு வரம்பைக் கொடுக்கிறது, வானம் அந்த வரம்புக்குள் விளையாடுகிறது.

வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடியில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே நஞ்சின் மூலப்பொருளுக்கு ஒரு மரபணு, உடைக்கும் நொதிக்கு இன்னொன்று. இரண்டில் எது தொலைந்தாலும் சயனைடு வராது. ஐரோப்பாவில் குளிர் கூடிய இடங்களுக்குப் போகப்போக நஞ்சுள்ள செடிகள் குறைவதை 1954-இல் டாடே என்ற ஆய்வாளர் காட்டினார். பாதுகாப்புக்கும் செலவு உண்டு. பயன் குறையும் இடத்தில் அதைக் கைவிட்ட செடிகளே பெருகும்.

டுரின் உண்மையில் காவல்தானா? சோளத்தில் டுரினை உருவாக்கும் அந்த மூன்று மரபணுக்களையும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கு மாற்றியபோது, அதை வழக்கமாகத் தின்னும் ஒரு வண்டு அந்தச் செடியைத் தொடத் தயங்கியது. 2001-இல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் நஞ்சே இல்லாத சோளத்தை உருவாக்கிவிடலாமே? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு திடீர்மாற்றச் சோளத்தில் முதல் நொதி அறவே செயலிழந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வறட்சியிலும் இலை பச்சையாக நிற்கும் சில ரகங்களில் டுரின் அதிகமாக இருப்பதும், அது தழைச்சத்தைச் சேமித்து வைக்கும் கிடங்காகவும் இருக்கலாம் என்பதும் யோசிக்க வைக்கின்றன. நம் கரிசலில் மழையை நம்பி நிற்கும் பயிருக்கு அந்தக் கிடங்கைப் பிடுங்குவது நல்லதா என்று எனக்குச் சந்தேகம்தான். அதே ஆய்வில் கிடைத்த இன்னொரு வகைதான் என் கண்ணுக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது: நாற்றுப் பருவத்தில் நஞ்சு வழக்கம்போல இருக்கும், வளர்ந்தபின் வேகமாகக் குறைந்துவிடும். பூச்சி கடிக்கும் பருவத்தில் காவல், அறுத்துப் போடும் பருவத்தில் தீவனம்.

அதுவரை, தீவனச்சோளத்தைப் பூ எடுத்தபின் அறுத்து, நன்றாக உலர்த்திப் போடுவதே பாதுகாப்பு. மாடு மூச்சுத் திணறினால் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சோடியம் தயோசல்பேட் ஊசி உரிய நேரத்தில் ஏறினால் பிழைக்க வாய்ப்பு உண்டு.