வரிசையில் ஒரு நாற்று பட்டுப்போனால்

சரிவில் மண் அரிக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பல இடங்களில் மரங்கள் ஏற்கெனவே நிற்கும். "இவ்வளவு மரம் இருந்துமா மண் போகிறது?" என்று கேட்பார்கள். போகும். நிழலில் புல் முளைக்காமல் தரை வெறுமையாகக் கிடந்தால், உயரத்தில் இலைநுனியிலிருந்து விழும் பெரிய சொட்டுகளே மண்ணைக் கிளப்பிவிடும்.

நான் அதிகம் நம்புவது, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடும் வெட்டிவேர்ப் புல்லை. அதன் வேர் பக்கவாட்டில் அலையாமல் நேராகக் கீழே இறங்கும். ஆழமான மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும். இழுத்துப் பார்த்த சோதனைகளில் அந்த மெல்லிய வேர் சராசரியாக 75 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கியிருக்கிறது. மென் எஃகு தாங்குவதில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! தரைக்கு மேலே விறைப்பான தூர்கள் நெருங்கி நின்று தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். வண்டல் பின்னால் தங்கும். வண்டல் மூடினாலும் செடி கணுவில் புது வேர் விட்டு மேலே வந்துவிடும். சில வருடங்களில் அங்கே ஒரு படி உருவாகியிருக்கும்.

ஆனால் வரிசையில் இடைவெளி இருக்கவே கூடாது. ஒரு சரிவில் நட்ட கொஞ்ச நாளில் ஐந்தாறு நாற்றுகள் காய்ந்தன. அப்புறம் நடலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த கனமழையில் தண்ணீர் முழுக்க அந்த இடைவெளியில் கூடி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டது. இப்போதெல்லாம் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று, ஒரு மாதத்துக்குள் பட்டுப்போன இடத்தில் புது நாற்று நடுவது, வேர் பிடிக்கும் வரை தண்ணீர் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. வரிசை சமமட்டத்தில் ஓடவேண்டும், கண்ணளவு போதாது. மட்டம் பார்க்க இரண்டு கம்பும் குறுக்குச் சட்டமும் தொங்கும் கல்லும் சேர்ந்த ஏ வடிவச் சட்டம் போதும்.

விதை மூலம் பரவாத வகையைத் தூர் பிரித்து நடுங்கள். அடர்ந்த நிழலில் இது தேறாது.

சரிவில் விரிசல் ஓடினாலோ, மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்று கசிந்தாலோ நழுவுவது வேருக்கும் கீழே உள்ள மண்ணாக இருக்கலாம். அங்கே செடியை நம்பிக் காத்திருக்காமல் மண்ணியல் பொறியாளரை உடனே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. வாசனை வேருக்காக இந்த வரிசையைத் தோண்டிவிடாதீர்கள். வேர் வேண்டுமென்றால் சமதளத்தில் தனியாக ஒரு பாத்தி போடுங்கள்.