ரீஃபண்ட் பெருசா வருதா? முதல்ல உங்க டபிள்யூ-4 எப்படி இருக்குன்னு பாருங்க

டாக்ஸ் சீசன் ஆரம்பிச்சா வர்ற போன்ல முக்காவாசி "அண்ணா, ரீஃபண்ட் எவ்ளோ வரும்?"னுதான் ஆரம்பிக்குது. டாக்ஸ் மொத்தம் எவ்ளோன்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி. நான் இங்க நியூ ஜெர்சில என்ரோல்ட் ஏஜென்ட் (அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்கிட்ட லைசென்ஸ் வாங்கின டாக்ஸ் ஆள்), வருஷா வருஷம் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, இந்த வருஷம் வந்த ஒரு கேஸைப் பாத்த அப்புறம் எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

ஐடில வேலை பாக்கற தம்பி ஒருத்தர், மனைவி எச்-4 (டிபென்டென்ட் விசா), வேலைக்குப் போகல, குழந்தை இங்கயே பொறந்தது. சம்பளம் வருஷத்துக்கு 1,10,000 டாலர். 2025க்கு ரிட்டர்ன் போட்டு ஃபெடரல் ரீஃபண்ட் 9,000 டாலருக்கு மேல வருதுன்னு சொன்னேன், மனுஷனுக்கு அவ்ளோ சந்தோஷம். அடுத்த நிமிஷமே "எப்ப அண்ணா கைக்கு வரும், ஊருக்குப் போன டிக்கெட் காசு இன்னும் கிரெடிட் கார்டுலயே நிக்குது, 24 பர்சன்ட் வட்டி போட்றான்"னு கேக்கறார். பே ஸ்டப்பை அனுப்பச் சொல்லிப் பாத்தேன். ஓரத்துல சின்ன எழுத்துல ஃபைலிங் ஸ்டேட்டஸ் 'சிங்கிள்'னு இருக்கு. வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஹெச்ஆர் நீட்டின டபிள்யூ-4 ஃபார்ம்ல (சம்பளத்துல எவ்ளோ டாக்ஸ் புடிக்கணும்னு கம்பெனிக்கு நாம எழுதிக் குடுக்கறது) போட்டது, கல்யாணம் ஆச்சு, குழந்தையும் பொறந்தாச்சு, அதை யாரும் தொடவே இல்ல.

கணக்கைப் பாருங்க. 401கே (ரிடையர்மென்ட் சேமிப்பு), இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு சொல்றேன். சிங்கிள்னு வெச்சு கம்பெனி வருஷத்துக்கு சுமார் 15,800 டாலர் புடிச்சிருக்கு. ரெண்டு பேரும் சேந்து ஜாயின்டா ஃபைல் பண்ணா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வருமானத்துல அப்படியே கழிக்கற தொகை) 31,500, அது போக மிச்சத்துக்கு டாக்ஸ் சுமார் 8,940, அதுல சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 2,200 கழிச்சா நிஜமா கட்ட வேண்டியது 6,750க்குள்ளதான். மிச்சம் 9,000ம் அவரோட சொந்தச் சம்பளம். ரெண்டு வாரத்துக்கு ஒரு பேசெக்னா ஒவ்வொண்ணுலயும் சுமார் 350 டாலர் வீட்டுக்கு வராமப் போயிருக்கு. ஃபார்மை சரியா மாத்தியிருந்தா ரீஃபண்ட் 400 டாலருக்குள்ள முடிஞ்சிருக்கும், கார்டுல கடனும் ஏறியிருக்காது.

ரீஃபண்ட்ங்கறது லாபம் இல்லீங்க. கவர்மென்ட் உங்களுக்குக் குடுக்கற போனஸும் இல்ல, நல்லா டாக்ஸ் ஃபைல் பண்ணதுக்குக் கிடைச்ச பரிசும் இல்ல. வருஷத்துக்கு மொத்த டாக்ஸ் எவ்ளோன்னு உங்க வருமானமும் குடும்பமும் முடிவு பண்ணுது, அந்த நம்பர் டபிள்யூ-4ஐ எப்படி நிரப்பினாலும் மாறாது. டபிள்யூ-4 முடிவு பண்றது அந்தக் காசை முன்னாடியே எவ்ளோ புடிக்கணும்ங்கறதை மட்டும்தான். கூடப் புடிச்சா திரும்ப வரும், கம்மியாப் புடிச்சா ஏப்ரல்ல கட்டணும், ரெண்டுலயும் மொத்த டாக்ஸ் ஒண்ணேதான். (ஒரு சில கிரெடிட் மட்டும் கட்டின டாக்ஸுக்கு மேலயும் கைக்கு வரும், கம்மி வருமானக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் இங்க பேசல.) வாட்ஸப் குரூப்ல "எனக்கு 7,000 வந்துச்சு, உனக்கு எவ்ளோ"ன்னு போட்டி போடறீங்களே, 7,000 வந்தவர் ஜெயிச்சவரும் இல்ல, 300 வந்தவர் தோத்தவரும் இல்ல. 300 வந்தவர் தன் காசை வருஷம் பூரா தன் கையில வெச்சிருந்தார், அவ்ளோதான் வித்தியாசம். ஐஆர்எஸ் அந்த வருஷம் பூரா வெச்சிருந்ததுக்கு வட்டி தராது. டெட்லைனுக்குள்ள ஃபைல் பண்ணிட்டா, அதுக்கப்புறம் 45 நாளைக்குள்ள பணத்தை அனுப்பினாலே அவங்க வட்டியே குடுக்க வேண்டாம்.

"சேமிப்பு மாதிரி இருக்கட்டும் அண்ணா, கையில வந்தா செலவாயிடும், சீட்டு கட்ற மாதிரின்னு நெனச்சுக்கறேன்"னு சொல்றவங்க நிறைய. சீட்டுல அவசரம்னா கொஞ்சம் தள்ளியாவது ஏலத்துல எடுத்துடலாம், இதுல ஜூலைல வேலை போச்சுன்னா ஆகஸ்ட் வாடகைக்கு ஐஆர்எஸ்கிட்ட இருந்து ஒரு டாலர் எடுக்க முடியாது. வேலை போனா 60 நாள் கெடுல (அதுக்குள்ள வேற வேலை தேடணும், இல்லன்னா கிளம்பணும்) உக்காந்திருக்கற எச்-1பி விசா ஆளுங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். அந்த நேரத்துல பேங்க்ல இருக்கற 5,000தான் உதவும். உங்க பேர்ல வேற யாராவது ரிட்டர்ன் போட்டுட்டான்னு வைங்க, மாசக்கணக்கா அந்த ரீஃபண்ட் அங்கயே நிக்கும். சேமிக்கணும்னா அதே 350ஐ சம்பளம் வர்ற அன்னைக்கே தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்குப் போக வெச்சிடுங்க, வட்டியும் வரும்.

இதோட சேந்த இன்னொண்ணும் சொல்லிடறேன். "அவர் எனக்கு 3,000 அதிகமா வாங்கிக் குடுத்தார்"னு சொல்லி ஆளை மாத்திக்கறாங்க. அந்த 3,000 எங்கிருந்து வந்துச்சுன்னு ரிட்டர்னைத் தொறந்து பாருங்க. குடுக்காத டொனேஷன், இல்லாத பிசினஸ் நஷ்டம், ஊர்லயே இருக்கற அப்பா அம்மாவை டிபென்டென்ட்னு போட்டது, இதெல்லாம் நான் கண்ணால பாத்திருக்கேன். காசு வாங்கிட்டு ரிட்டர்ன் தயார் பண்றவர் தன் பிடின் நம்பர் (ரிட்டர்ன் தயார் பண்றவங்களுக்கு ஐஆர்எஸ் குடுக்கறது) போட்டு கையெழுத்து போடணும், போட மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. நாளைக்கு நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

சரி, "கம்மியாப் புடிச்சா பெனால்ட்டி வருமே"ன்னு பயம். நியாயமான பயம்தான், ஆனா அதுக்கு அளவு இருக்கு. கடைசில கட்ட வேண்டியது 1,000 டாலருக்குக் கம்மின்னா பெனால்ட்டி இல்ல. இந்த வருஷ டாக்ஸ்ல 90 பர்சன்ட்டோ, போன வருஷ டாக்ஸ்ல 100 பர்சன்ட்டோ, எது கம்மியோ அது புடிபட்டிருந்தாலும் இல்ல. போன வருஷ ஏஜிஐ (சில கழிவுகள் போக மொத்த வருமானம்) 1,50,000 தாண்டியிருந்தா மட்டும் அந்த 100 இடத்துல 110.

ஃபார்ம் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. 2020ல புது ஃபார்ம் வந்தப்பவே "அலவன்ஸ் 0 போடணுமா 1 போடணுமா"ங்கற பழைய கதை முடிஞ்சு போச்சு, இன்னும் அதையே கேக்காதீங்க. ஸ்டெப் 1ல ஃபைலிங் ஸ்டேட்டஸ். ஸ்டெப் 3ல குழந்தைங்க, 17 வயசுக்குள்ள எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்கற குழந்தைக்கு 2026 ஃபார்ம்ல 2,200. ஐடிஐஎன் (எஸ்எஸ்என் கிடைக்காதவங்களுக்கு ஐஆர்எஸ் குடுக்கற நம்பர்) மட்டும் இருக்கற குழந்தைன்னா 500தான், அங்க தப்பா 2,200 போட்டுட்டு ஏப்ரல்ல என்கிட்ட வந்து அழாதீங்க. ஐஆர்எஸ் சைட்லயே வித்ஹோல்டிங் (சம்பளத்துல டாக்ஸ் புடிக்கறது) எஸ்டிமேட்டர் ஃப்ரீயா இருக்கு, கடைசி பே ஸ்டப்பைப் பக்கத்துல வெச்சுட்டு உக்காந்தா அரை மணி நேர வேலை. வருஷ நடுவுல மாத்தறீங்கன்னா கண்டிப்பா அதையே யூஸ் பண்ணுங்க, ஏன்னா அது வரைக்கும் புடிச்சதையும் கணக்குல எடுத்துக்கும். அப்புறம் ஜனவரில மறுபடி ஒரு தடவை போட்டுடுங்க.

இப்ப எதிர்ப்பக்கம், தயவுசெஞ்சு இதை ஸ்கிப் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல ரெண்டு பேருமே 'மேரிட்'னு போட்டு ஸ்டெப் 2ஐ (ஒண்ணுக்கு மேல வேலை இருந்தா நிரப்பறது) காலியா விட்டா, ரெண்டு கம்பெனியும் தனித்தனியா முழு டிடக்‌ஷனைக் குடுத்துடும், ஏப்ரல்ல ஆயிரக்கணக்குல கட்டச் சொல்லி வரும். சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா 2(சி) பாக்ஸை ரெண்டு பேரும் டிக் பண்ணுங்க. குழந்தையை அதிகச் சம்பளம் வாங்கறவர் ஃபார்ம்ல மட்டும் போடுங்க, ரெண்டுலயும் போடாதீங்க. ஆர்எஸ்யு (சம்பளத்தோட கம்பெனி குடுக்கற ஷேர்) வர்றவங்களுக்கு கம்பெனி பெரும்பாலும் 22 பர்சன்ட்தான் புடிக்கும், நீங்க 32 பர்சன்ட் டாக்ஸ் அடுக்குல இருக்கலாம், வித்தியாசத்தை ஸ்டெப் 4(சி)ல கூட்டிப் புடிக்கச் சொல்லுங்க. ஊர்ல இருக்கற என்ஆர்இ டெபாசிட் வட்டி இந்தியாவுல டாக்ஸ் ஃப்ரீ, இங்க ரெசிடென்ட்டா ஃபைல் பண்றவங்களுக்கு டாக்ஸ் உண்டு, அதை 4(ஏ)ல காட்டலாம். எஃப்-1ல (ஸ்டூடன்ட் விசா) இருக்கற, இன்னும் நான்ரெசிடென்ட்டா ஃபைல் பண்ற பசங்க இதையெல்லாம் அப்படியே காப்பி பண்ணாதீங்க, உங்களுக்கு ரூல் வேற, கேட்டுட்டு செய்யுங்க.

ஸ்டேட்டுக்குத் தனி ஃபார்ம். கலிஃபோர்னியாவுல டிஇ-4, எங்க ஊர்ல என்ஜே-டபிள்யூ4. டெக்சாஸ், வாஷிங்டன், ஃப்ளோரிடாவுல இருக்கறவங்களுக்கு சம்பளத்துக்கு ஸ்டேட் டாக்ஸே இல்ல, அந்தக் கவலை வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 பர்சன்ட் போறது எதை மாத்தினாலும் குறையாது, "மாத்தியும் குறையலையே"ன்னு அந்த லைனைப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணாதீங்க. பாக்க வேண்டியது ஃபெடரல் வித்ஹோல்டிங் லைன். பே ரோல் போர்ட்டல்ல மாத்தின உடனே அடுத்த பேசெக்லயே தெரியணும்னு கட்டாயம் இல்ல, கம்பெனிக்கு ஒரு மாசம் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கப்புறமும் அந்த நம்பர் அசையலைன்னா பே ஸ்டப்பை இணைச்சு பே ரோல் டீமுக்கு ஒரு மெயில் தட்டுங்க.