எக்ஸ்ட்ராக்ட்: பிழிவதா, பிரித்தெடுப்பதா?

தருமபுரியில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டு வட்டு ஒன்றிலிருந்து படங்களை எடுக்கும் வேலையில் சில வாரங்களாக மூழ்கிக் கிடந்தான். ஒரு நாள், “எக்ஸ்ட்ராக்ட் பண்ணிட்டேன் மாமா, ஆனா படம் மட்டும் வரல” என்றான். எடுத்தாயிற்று, ஆனால் வரவில்லை. இந்தச் சொல்லின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

எக்ஸ்ட்ராக்ட் என்பதன் வேர் இலத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘டிராஹெரே’ என்றால் இழுத்தல். நம் ஊர் வயல்களில் உழும் டிராக்டரின் பெயரும் இந்த ‘இழு’ என்னும் வேரில் பிறந்ததுதான். ஆகவே நேர்ப்பொருள் வெளியே இழுத்தல் என்பதே. ஆனால் வழக்கில் அது பல திசைகளில் கிளைத்துவிட்டது. பல் மருத்துவரிடம் அது பிடுங்குதல். வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டின் எக்ஸ்ட்ராக்ட் கேட்டால், பெரிய பதிவேட்டிலிருந்து நம் நிலத்துக்குரிய வரிகளை மட்டும் படியாகத் தருவார்கள். பதிவேட்டில் எதுவும் குறைவதில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலோ தோலும் கொட்டையும் ஒரு பக்கம் ஒதுங்க, கூழ் மட்டும் மறுபக்கம் வருகிறது. அங்கே பழம் பழமாக மிஞ்சுவதில்லை. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அகராதியில் ‘சாறு’ என்று முதலில் கண்டதை அப்படியே எடுத்துப் போட்டால் ‘படச்சாறு’ என்று ஒரு விந்தை பிறக்கும்.

எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்று முடிவு செய்யுமுன், விளையாட்டுக் கோப்புக்குள் படம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு உரிய ‘டிம்’ என்ற பட வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அது 10 00 00 00 என்ற நான்கு பைட்டுகளுடன் தொடங்கும் (ஒரு பைட்டு என்பது 8 பிட்டு). அடுத்த நான்கு பைட்டுகள், படத்தின் ஒரு புள்ளிக்கு (பிக்சலுக்கு) எத்தனை பிட்டு, வண்ணப்பட்டியல் உடன் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். அதன் பிறகு வண்ணப்பட்டியல், அதன் பிறகு புள்ளிகள். 256-க்கு 256 அளவுள்ள படத்தை 24 பிட்டு வண்ணத்தில் வைத்தால் 1,96,608 பைட்டு வேண்டும். 16 வண்ணங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் எழுதினால் புள்ளிகளுக்கு 32,768 பைட்டும் பட்டியலுக்கு 32 பைட்டும் போதும். படத்துக்கான நினைவகம் மொத்தமே 1 மெகாபைட்டு என்றிருந்த கருவிக்கு இந்தச் சிக்கனம் கட்டாயமாக இருந்தது. அதாவது கோப்பில் இருப்பது நிறமன்று, நிறத்தின் எண். பட்டியலை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் எடுத்தவருக்குக் கிடைப்பது வெறும் எண் குவியல்.

இது எளிய நிலை. பல விளையாட்டுகளில் இத்தகைய படங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே பெரிய கோப்பில் பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பொதியின் அமைப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு வகுத்துக்கொள்ளும், வெளியே சொல்லாது. பொதிக்குள் இருப்பது சுருக்கப்பட்டும் இருக்கலாம். இரண்டையும் தாண்டினாலும் புள்ளிகள் இடமிருந்து வலமாக, வரிவரியாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கேம்கியூப் என்ற விளையாட்டுக் கருவி படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டிக் கட்டம் கட்டமாக அடுக்கும். டிரீம்காஸ்ட் என்ற இன்னொரு கருவி இசட் எழுத்தைப் போல் வளைந்து செல்லும் ஒழுங்கிலும் வைக்கும். காரணம் உண்டு: படத்தை வரையும் சில்லுக்கு ஒரு புள்ளியோடு அதன் பக்கத்துப் புள்ளியும் கீழ்ப்புள்ளியும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. வரிவரியாக எழுதினால் கீழ்ப்புள்ளி ஒரு முழு வரி தள்ளிப் போய்விடும்; கட்டமாக எழுதினால் அருகிலேயே இருக்கும். பிளேஸ்டேஷன் 2-இன் 256 வண்ணப் பட்டியல்களில் பெரும்பாலும் வண்ணங்களே இடம் மாறி நிற்கும்: ஒவ்வொரு 32 வண்ணத்திலும் 8 முதல் 15 வரையிலானவையும் 16 முதல் 23 வரையிலானவையும் இடம் மாற்றப்பட்டிருக்கும். இதை நேராக்காமல் விட்டால் முகத்தில் தேமல் படர்ந்தது போல் படம் தோன்றும்.

ஆக, நடப்பது இழுப்பதுமன்று, பிழிவதுமன்று. கட்டை அவிழ்க்கிறோம், சுருக்கத்தை விரிக்கிறோம், கலைந்த ஒழுங்கை நேராக்குகிறோம், பிறகே எடுக்கிறோம். இதற்குப் ‘பிரித்தெடுத்தல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘பிரி’ என்பதைத் தனியாக்குதல் என்ற அளவிலேயே இன்று நினைக்கிறோம்; ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், கூரையைப் பிரிக்கிறோம், முறுக்கைப் பிரிக்கிறோம். கயிற்றின் முறுக்கிய இழைக்கே பிரி என்று பெயர். பானை வைக்கும் பிரிமணையிலும் அதுவே இருக்கிறது. கட்டியதை அவிழ்ப்பது என்ற இந்தப் பொருள்தான் இங்கே நமக்கு வேண்டியது. கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக் காலத்தில் ஓட்டை உடைத்து, நாரை நீக்கி, கொட்டையைத் தட்டி எடுக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வரிசை தப்பினால் அங்கும் வேலை கெடும்.

இன்னொரு வசதியும் உண்டு. எடுத்த படத்தில் எழுத்தையோ நிறத்தையோ மாற்றி, அதே கோப்பில், அதே அளவில் திரும்ப வைக்கும் வேலையும் இதனோடு சேர்ந்து வருவது. ஆங்கிலத்தில் அதற்கு வேறொரு சொல்லைத் தேட வேண்டும். தமிழிலோ ‘பிரித்தல்’ என்பதற்கு இணையாகப் ‘பொருத்தல்’ ஆயத்தமாக இருக்கிறது. அமைச்சரின் திறத்தைச் சொல்லும் 633-ஆம் குறளில் இவ்விரு சொற்களும் ஒருசேர நிற்கின்றன. அங்கே பிரிவதும் பொருந்துவதும் மனிதர்கள் என்பதுதான் வேறுபாடு.

‘ரிப்’ என்று இளைஞர்கள் சொல்வதைத் தனியே வைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில், உருவத்தின் மேல் போர்த்தியிருக்கும் படத்தை நினைவகத்திலிருந்து அப்படியே கவர்வதற்கு ‘உரித்தல்’ நன்றாக ஒட்டும். உருவத்தின் மேல் அந்தப் படம் தோலாகத்தானே கிடக்கிறது. வட்டு முழுவதையும் பைட்டு மாறாமல் கணினிக்குக் கொண்டுவருவது ‘படியெடுத்தல்’. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் போன்ற கல்லெழுத்துகளில், ஈரத் தாளை ஒற்றி மை தட்டிப் படியெடுக்கிறார்கள். எழுத்தைப் படிப்பது அதற்குப் பின்னால் வரும் வேறு வேலை. ‘குறிநீக்கம்’ (டீகோட்) என்று சிலர் எழுதுவது அந்தப் படிக்கும் வேலைக்கு, அதாவது எண்களை நிறமாக்குவதற்கு, உரிய சொல். அதைப் பிரித்தெடுத்தலுக்கு மாற்றாக ஆள்வது சரியன்று.

அக்கா மகன் செய்தது படியெடுத்தலும் பாதிப் பிரித்தலும். அவன் பைத்தான் மொழியில் எழுதிய நிரல், படக் கோப்பில் கண்ட அகலம் 64 என்பதை 64 புள்ளிகள் என்று எடுத்துக்கொண்டிருந்தது. டிம் வடிவத்தில் அகலம் 16 பிட்டு அலகுகளில் எழுதப்படும். புள்ளிக்கு 4 பிட்டு என்றால் ஓர் அலகுக்குள் நான்கு புள்ளிகள். ஒவ்வொரு வரியும் நான்காக ஒடிந்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டதால்தான் படம் புலப்படவில்லை. 64-ஐ நான்கால் பெருக்கச் சொன்னேன். திரையில் துருப்பிடித்த ஓர் இரும்புக் கதவு வந்து நின்றது.