முதலிடம் வந்த இரண்டு கடலைகளைக் கலந்தால் போதுமா?

கடலை (கொண்டைக்கடலை) இனங்களின் பரிசோதனை முடிந்ததும் மாணவர்கள் விளைச்சல் அட்டவணையோடு வருவார்கள். மேலே நிற்கும் இரண்டு இனங்களைக் காட்டி, "சேர், இது இரண்டையும் கலப்பம்" என்பார்கள். இரண்டும் ஒரே பெற்றோர் வழி வந்தவை என்றால் அடுத்த தலைமுறையில் புதிதாக அதிகம் கிடைக்காது. கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதன் மரபு வேறுபாடு ஏற்கெனவே குறுகியது.

அதனால் பூக்கும் நாள், காய் எண்ணிக்கை, 100 விதை எடை எல்லாம் அளந்து, இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபட்டவை என்று காட்டும், இந்தியப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1936இல் வகுத்த தூரக் கணக்கைப் போட்டு இனங்களைக் கூட்டங்களாகப் பிரிக்கிறோம். நல்ல சராசரி விளைச்சல் தரும், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் கூட்டங்களில் இருந்துதான் பெற்றோரை எடுக்க வேண்டும். தூரத்தை மட்டும் பார்த்து நோஞ்சான் செடியை எடுத்தாலும் வீண்தான். வேறு வேறு நாட்டு விதை என்பதற்காக வேறு கூட்டம் என்றும் நினைக்க வேண்டாம். ஹைதராபாத் அருகே இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் ஏறக்குறைய 20,000 கடலை மாதிரிகள் உள்ளன. அவற்றுள் 211ஐ மட்டும் பொறுக்கிச் சிறு தொகுப்பாக வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு அது பெரிய உதவி.

சரி, யாழ்ப்பாணத்துக்கு எது? ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடலை தாங்காது. மழை விட்டபின் விதைத்து, பங்குனி வெயில் ஏறுவதற்குள் காய் முற்ற வேண்டும். பூக்கும் நேரம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காது. ஆகவே நான் முதலில் பார்ப்பது நாள் கணக்கை. விளைச்சல் அதற்குப் பிறகு. சீக்கிரம் முற்றும் ஐசிசிவி 2, வெயில் தாங்கும் ஜேஜி 14, வேர் ஆழமாக ஓடும் ஐசிசி 4958 போன்ற இனங்கள் பெற்றோராக யோசிக்கத் தக்கவை.

கலப்புச் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூ விரியும் முன்பே மகரந்தம் கொட்டிவிடும். எனவே பச்சையாக மூடியிருக்கும் மொட்டைச் சாமணத்தால் பிளந்து, 10 மகரந்தப் பைகளையும் எடுக்க வேண்டும். சூலகத்தில் கீறல் பட்டால் மொட்டு காம்போடு விழும். கவனமாகச் செய்தாலும் பாதிக்கு மேல் காய்க்காது. வெள்ளைப் பூ இனத்தைத் தாயாக வைத்து, இளஞ்சிவப்புப் பூ இனத்தின் மகரந்தத்தைத் தொட்டால் ஒரு வசதி உண்டு: அந்த விதையில் வரும் செடி இளஞ்சிவப்பாகப் பூத்தால் கலப்புப் பிடித்துவிட்டது, வெள்ளையாகப் பூத்தால் பிடிக்கவில்லை.

பலர் தவற விடுவது றைசோபியத்தை, அதாவது வேரில் கணுக்களை உண்டாக்கி, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குக் கொடுக்கும் பற்றீரியாவை. பயறு, உழுந்துக்கு உதவும் பற்றீரியா கடலைக்கு உதவாது. அதற்கென்று தனி இனம் வேண்டும். செடியைப் பிடுங்கி வேர்க்கணுவை நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவந்திருக்க வேண்டும். கணுவே இல்லாத நிலத்தில் எல்லா இனமும் நைதரசன் இல்லாமல் வெளிறி நிற்கும். அங்கே இனங்களை ஒப்பிட்டு என்ன பயன்?

கடைக் கடலையை ஊன்றிப் பார்த்துவிட்டு "எங்கட மண்ணுக்குச் சரிவராது" என்று விட்ட கமக்காரர்களும் உண்டு. அது இறக்குமதிச் சரக்கு. என்ன இனம், எத்தனை நாள் பயிர் என்று கடைக்காரருக்கே தெரியாது. பார்க்க விரும்பினால் இனப் பெயர் தெரிந்த குறுகிய காலப் பயிரின் விதையைக் கேட்டு வாங்கி, கடலைக்குரிய றைசோபியத்தைத் தடவி, ஒரேயொரு பாத்தியில் போடுங்கள்.