வண்ணப் படத்துக்கு முன்னால் ஒய் பிளஸ்

கப்பலூர் பக்கத்துப் பட்டறைகளுக்குக் காற்றுக் குழாய், ப்ளோயர் இவற்றில் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் சிமுலேஷன் செய்து கொடுப்பது என் வேலை. மதுரைக் கல்லூரி மாணவர்களும் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வருவார்கள். முதல் பக்கத்திலேயே சிவப்பும் நீலமுமாக வேகப் படம் இருக்கும். "கன்வெர்ஜ் ஆயிடுச்சு சார்", அதாவது கணக்கு ஒரு விடையில் நிலைத்துவிட்டது என்பார்கள். சரி, சுவரில் ஒய் பிளஸ் (முதல் கணக்குப் புள்ளி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் அலகில்லாத எண்) எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

சுவரைத் தொடும் இடத்தில் காற்றின் வேகம் பூஜ்யம். அங்கிருந்து ஒரு சில மில்லிமீட்டருக்குள் அது கிடுகிடுவென ஏறிவிடுகிறது. குழாயில் அழுத்த இழப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு கடக்கும் என்பதெல்லாம் அந்த மெல்லிய இடத்தில்தான் தீர்மானமாகிறது. சுவரிலிருந்து உள்ள தூரத்தை உராய்வு வேகத்தால் (சுவர் உராய்வை வேக அலகில் சொல்லும் எண்) பெருக்கி, இயக்கப் பிசுக்குமையால் (பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்தது) வகுத்தால் வருவது ஒய் பிளஸ். அது 5-க்குக் கீழே இருந்தால் பிசுக்குமையின் ஆட்சி. 30-க்கு மேல் மடக்கை விதி: வேகம் தூரத்தின் மடக்கையை (லாகரிதம்) ஒட்டி ஏறும். நடுவில் இருக்கும் பகுதி இரண்டுக்கும் கட்டுப்படாது.

எண்ணில் பார்ப்போம். 30 செ.மீ. விட்டமுள்ள வழுவழுப்பான குழாயில், நம்மூர் வெயிலில் காற்று நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. உராய்வு வேகம் நொடிக்குச் சுமார் 0.44 மீட்டர் வரும். ஒய் பிளஸ் 1 வேண்டுமென்றால், மெஷ்ஷில் (காற்று ஓடும் இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) சுவரை ஒட்டிய முதல் செல்லின் மையம் சுவரிலிருந்து 0.04 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். 100 போதுமென்றால் கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர். லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-இல் எழுதிய சுவர்ச் சார்பும் (சுவரோரத்தை நேரடியாகக் கணக்கிடாமல் மடக்கை விதியால் நிரப்பும் சூத்திரம்) கே-எப்சிலானும் (காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் மாடல்) இந்த இரண்டாவது மெஷ்ஷுக்குத்தான் பொருந்தும்.

இங்கேதான் நல்ல உழைப்பாளிகளும் சறுக்குகிறார்கள். மெஷ்ஷை நெருக்கினால் விடை துல்லியமாகும் என்று நம்பி, அதே கே-எப்சிலானை வைத்துக்கொண்டே முதல் செல்லை 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். ஒய் பிளஸ் 10-ஐ ஒட்டி வந்து நிற்கும். சுவர்ச் சார்பு பொருந்தாத இடம் அது. கணினி நேரத்தையும் செலவழித்து, விடையையும் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். நெருக்குவதானால் 1 வரை இறங்குங்கள், மாடலையும் மாற்றுங்கள். மென்டர் 1994-இல் வெளியிட்ட எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடல் சுவர் வரை கணக்கிடக்கூடியது. அடுத்தடுத்த அடுக்குகளை ஏறத்தாழ 1.2 மடங்காக வளர்த்துப் போனால் நல்லது. இன்றைய மென்பொருள்களில் வரும் தானியங்கிச் சுவர் முறை (ஒய் பிளஸைப் பார்த்துத் தானே சூத்திரத்தை மாற்றிக்கொள்வது) நடுப்பகுதித் தவறைக் குறைக்கும், ஆனால் முழுதாகத் தீர்க்காது.

நேர்க்குழாய் என்றால் சுவர்ச் சார்பே போதும், நான் வீண்செலவு செய்யச் சொல்வதில்லை. வளைவில் காற்று சுவரை விட்டுப் பிரியும்போதும், சூடான சுவரிலிருந்து வெப்பம் கணக்கிடும்போதும் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். அங்கே மடக்கை விதியின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

அப்புறம், சராசரி ஒய் பிளஸை மட்டும் எழுதித் தராதீர்கள். சுவர் முழுவதற்குமான ஒய் பிளஸ் படத்தைச் சேருங்கள். சராசரி 60 என்று வந்தாலும், வளைவின் உட்புறத்தில் அது 8 ஆக இருக்கலாம்.