மொட்டைக் கடுதாசியை லேமினேட் செய்யாதீர்கள்

ஆவணங்களையும் கையெழுத்தையும் ஆராய்வது என் தொழில். இந்த வாரமும் ஒருவர் மொட்டைக் கடுதாசியை லேமினேட் செய்து, பளபளவென்று கொண்டுவந்தார். கேட்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரையும் சொல்லிவிட்டார். "அவ வாய் அப்படி சார், வேற யார் எழுதுவா?" வாயை ஆராய என்னிடம் கருவி இல்லை.

இப்படி வருகிறவர்களை எல்லாம் 'விக்கெட் லிட்டில் லெட்டர்ஸ்' படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 2023இல் வந்த பிரிட்டிஷ் படம், ஒலிவியா கோல்மனும் ஜெஸ்ஸி பக்லியும் போட்டி போட்டு நடித்திருப்பார்கள், வசவுகளைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிக்கலாம், பிள்ளைகள் தூங்கியபிறகு போடுங்கள். ஆனால் நடந்த கதை. முடிவைச் சொல்லிவிடுகிறேன், நூறு வருஷத்துப் பழைய வழக்கு, கோபிக்காதீர்கள்.

இங்கிலாந்தின் தென்கரையில் லிட்டில்ஹாம்ப்டன் என்ற ஊர். அங்கே 1920இல் ஈடித் ஸ்வான் என்ற பக்தியான பெண்ணுக்கு ஆபாசக் கடிதங்கள் வருகின்றன. அவர் பக்கத்து வீட்டு ரோஸ் கூடிங்கைக் கைகாட்டுகிறார். ஊர் நம்பியது, கோர்ட்டும் நம்பியது, ரோஸ் இரண்டு தடவை சிறைக்குப் போனார். அந்தக் கடிதங்கள் சிலவற்றில் ரோஸின் பெயர் முதலெழுத்துகளே இருந்தன. மாட்டிக்கொள்ள வேண்டும் என்று முதலெழுத்தைப் போட்டு யாராவது மொட்டைக் கடுதாசி எழுதுவார்களா? யாருக்கும் உறைக்கவில்லை. 1921இல் மேல்முறையீட்டில்தான் ரோஸின் தண்டனை ரத்தானது.

எழுதியது ஈடித்தேதான். கிளாடிஸ் மாஸ் என்ற பெண் போலீஸ் மறைந்திருந்து அவர் கடிதத்தைப் போடுவதைப் பார்த்துச் சாட்சி சொன்னார் (படத்தில் இந்த வேடம் சென்னையில் பிறந்த அஞ்சனா வாசனுக்கு). அப்போதும் 1921 இறுதியில் விடுதலை! இவ்வளவு மரியாதையான பெண்ணா என்று நீதிபதிக்கே நம்ப மனமில்லை. கண்ணுக்குத் தெரியாத மையால் குறியிட்ட தபால்தலைகளை ஈடித்துக்கு விற்று, 1923இல்தான் பிடித்தார்கள்.

இதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சத்தமாகத் திட்டுகிறவருக்கு ஒளிந்துகொண்டு எழுதவேண்டிய தேவையே இல்லை, நேரிலேயே திட்டிவிடுவார். அடக்கமானவர் எழுதமாட்டார் என்பதும், "பார்த்தாலே தெரியுது, அவ போடுற சுழிதான் இது" என்பதும் வெறும் ஊகம். கையெழுத்தை மாற்றி எழுதுவார்கள், இன்னொருவருடையதைப் பார்த்தும் எழுதுவார்கள்.

சரி, கடுதாசி வந்தால்? கண்டபடி தொடாதீர்கள். ஸ்டேப்ளர், செலோடேப், லேமினேஷன் எதுவும் வேண்டாம், அதன்மேல் தேதி கூடக் குறிக்காதீர்கள். வந்த உறையைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள், முத்திரையும் தபால்தலையும் அதில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரு காகித உறையில் வைத்து போலீஸில் கொடுங்கள். சந்தேகப்படுகிறவரை வீட்டுக்குக் கூப்பிட்டு "இதை எழுதிக் காட்டு" என்கிற விசாரணையெல்லாம் வேண்டாம், ஒப்பிட எங்களுக்கு வேண்டியது சண்டைக்கு முன்னால் அவர் சாதாரணமாக எழுதியவை. அப்புறம், வாட்ஸப்பில் போட்டோ அனுப்பி "சட்டுனு பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்காதீர்கள். பேனா அழுத்தம் போட்டோவில் சரியாகத் தெரியாது, நான் பதில் போடமாட்டேன்.